பார்ட் நம்பர் தெரியாத படத்தை வெளியிடாதீர்கள்

பழைய கார் உதிரிபாகங்களை விற்க இணையத்தில் இடம் தரும் தளங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

உங்கள் தளங்களில் பழைய பார்ட்ஸ் விற்கிற பெயரில் நடக்கும் ஏமாற்று வேலை உங்களுக்குத் தெரியாததல்ல. புகார்கள் உங்களிடம்தான் வந்து குவிகின்றன. எல்லாவற்றுக்கும் "விற்றவரிடம் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரே பதில்தான் வருகிறது. பழைய பார்ட்ஸ் வாங்கி வண்டியில் பூட்டுவதே தொழிலாக இருக்கும் நாங்கள், இனித் தனித்தனியாகப் புகார் எழுதிப் பயனில்லை என்றுதான் இந்த மடலை எழுதுகிறோம்.

முதன்மையாகக் கேட்பது ஒன்றுதான். பார்ட் நம்பர் வாசிக்கிற அளவுக்குத் தெளிவாகத் தெரியும் படம் இல்லாத விளம்பரத்தை வெளியிடாதீர்கள். அந்தப் படத்திலேயே, விற்பவரின் கணக்குப் பெயரையும் அன்றைய தேதியையும் கையால் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு பார்ட்டின் மேல் இருக்கட்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு, இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இ.சி.யு. ஒன்றே போதும். ஒரே அலுமினியப் பெட்டி, ஒரே கனெக்டர் பல மாடல்களுக்கு வரும். எது எந்த வண்டிக்கு என்று சொல்வது அதன் மேல் இருக்கும் ஒட்டுவில்லை மட்டும்தான். போஷ் தயாரிப்பு என்றால் பத்து இலக்க எண் இருக்கும். 0 261 என்று தொடங்கினால் பெட்ரோல், 0 281 என்றால் டீசல். பக்கத்தில் கார் கம்பெனி கொடுத்த எண், சிலவற்றில் அதன் வாலில் ஓரிரு எழுத்துகள். அந்த வால் எழுத்து மாறினாலே உள்ளே இருக்கும் சாஃப்ட்வேர் வேறாக இருக்கலாம்.

விளம்பரத்தில் இருப்பதோ மாடல் பெயர் மட்டும். படத்தில் ஒட்டுவில்லையின் மேல் கட்டைவிரல் இருக்கும். இல்லையென்றால் ஃப்ளாஷ் வெளிச்சம் பட்டு எழுத்தெல்லாம் வெளுத்திருக்கும். நம்பர் கேட்டால் "உங்க வண்டிக்கு செட் ஆகும், தைரியமா வாங்குங்க" என்று பதில் வரும். வாங்கியவர் மாட்டுகிறார். கனெக்டர் டக்கென்று உட்காருகிறது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் பிடித்து ஒன்றிரண்டு வினாடியில் அணைந்துவிடுகிறது. சில வண்டிகளில் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது. காரணம், வண்டித் திருட்டைத் தடுக்கும் இமொபிலைசர். கழற்றிய வண்டியின் சாவியோடு ஜோடி சேர்த்த இ.சி.யு. வேறு சாவியை ஏற்காது. இது தெரியாதவர் பெட்ரோல் பம்ப்பைச் சந்தேகிக்கிறார், கிராங்க் சென்சாரை மாற்றுகிறார், வயரிங்கைப் பிரிக்கிறார். ஒருவழியாகக் காரணம் பிடிபடுவதற்குள் உங்கள் ரிட்டர்ன் கெடு முடிந்துவிடுகிறது. முடியாமல் இருந்தாலும் "நீங்கதான் தப்பா மாட்டி எரிச்சுட்டீங்க" என்கிறார் விற்றவர். வந்தபோதே செத்திருந்ததா, மாட்டியதால் எரிந்ததா என்று காட்ட வாங்கியவர் கையில் எதுவுமில்லை. விளம்பரத்தில் நம்பரே இல்லாததால், "சொன்ன பொருள் இது இல்லை" என்றுகூட அவரால் வாதாட முடியாது. வண்டி அசையாமல் நிற்கிறது. அதை ஓட்டிச் சம்பாதித்தவரும் வீட்டில் நிற்கிறார்.

அந்த ஒட்டுவில்லை முதல் நாளே தெரிந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒரே ஒரு படம்.

துண்டுச்சீட்டு எதற்கு என்று கேட்பீர்கள். திருட்டுப் படத்தை முதலில் மடக்குவது அதுதான். யாரோ என்றோ விற்றுமுடித்த கியர்பாக்ஸின் படத்தை எடுத்து, ஓரத்தை வெட்டி, இடவலம் திருப்பிப் போட்டு, மூன்று கணக்குகளில் மூன்று விலைக்கு விற்கிறார்கள். படத்தை வைத்துத் தேடினால் நாங்களே கண்டுபிடிக்கிறோம். எங்கள் கைக்கு எட்டுவது, எல்லாப் படங்களையும் வைத்திருக்கும் உங்களுக்கு எட்டாதா?

நேர்மையான விற்பனையாளருக்கும் இதுவே காவல். தன் வண்டியில் செத்துப்போன ஆல்டர்னேட்டரை (பேட்டரியைச் சார்ஜ் செய்வது) திருப்பி அனுப்பிவிட்டு நல்லதை வைத்துக்கொள்கிற வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அதை நாங்கள் மறைக்கவில்லை. சீரியல் நம்பரும், போல்ட் தலையில் வைத்த பெயின்ட் புள்ளியும் படத்தில் பதிந்திருந்தால் எது போனது, எது வந்தது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இந்த விதியால் நஷ்டப்படுகிறவர் ஏமாற்றுகிறவர் மட்டுமே.

பார்ட்டுக்குப் பார்ட் மறைக்கும் விதம் மாறுகிறது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கு வீடியோ போடுகிறவர் ஷாஃப்ட்டை மேலும் கீழும் ஆட்டிக் காட்டுவார். அதில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு, ஏனென்றால் பெரும்பாலான டர்போக்களில் ஷாஃப்ட் ஆயில் படலத்தில் மிதந்துதான் சுற்றுகிறது. பார்க்க வேண்டியது முன்னும் பின்னும் இழுத்தால் வரும் ஆட்டத்தை. அது கைக்கு நன்றாகத் தெரிந்தால், ஷாஃப்ட்டை முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். அந்த அசைவை மட்டும் வீடியோவில் காட்டமாட்டார்கள். கம்ப்ரஸர் வீலின் இறக்கை நுனியையும் கிட்டத்தில் காட்டமாட்டார்கள். ஒரு சின்னக் கல் உள்ளே போயிருந்தாலும் நுனி கடித்ததுபோல் இருக்கும்.

புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் விலை உயர்ந்த பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் உள்ளே இருக்கும் தேன்கூட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் கூட்டை மறுபடி வெல்டு வைத்து விற்கிறார்கள். ஒரு முனையில் டார்ச் அடித்து மறு முனையில் எடுத்த படமும், தராசில் வைத்த படமும் இருந்தால் போதும். டீசல் இன்ஜெக்டர் என்றால், பல வகைகளில் தலையில் அல்லது உடலில் பொறித்த திருத்தக் குறியீடு இருக்கும்; அந்த இன்ஜெக்டருக்கு டீசல் அளவை எவ்வளவு திருத்த வேண்டும் என்று இ.சி.யு.வுக்குச் சொல்வது அதுதான். போஷில் அது பெரும்பாலும் ஏழு எழுத்தெண்கள். அதை இ.சி.யு.வில் ஏற்றாவிட்டால் இன்ஜின் தட்டலாம், புகை தள்ளலாம். குறியீடு அழிந்த இன்ஜெக்டரை நல்ல விலைக்கு விற்பது அநியாயம். ஹெட்லைட்டை எப்போதும் முன்பக்கமிருந்தே படம் எடுப்பார்கள். உடைந்து பசை வைத்த, வண்டியில் பூட்டும் காதுகள் பின்பக்கம் இருக்கும். டயரில் தயாரிப்புத் தேதியைச் சொல்வது பக்கச்சுவரின் நாலு இலக்கம்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். அந்தப் பக்கம் படத்தில் இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட ஏர்பேக்கை நினைத்துத்தான் கவலைப்படுகிறோம். போலி ஏர்பேக்குகள் பற்றி அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2012இலேயே எச்சரித்தது. தகாட்டா என்ற ஜப்பானியக் கம்பெனி செய்த இன்ஃப்ளேட்டர்களில் (ஏர்பேக்கை ஊதி விரிக்கும் பகுதி) இருந்த அமோனியம் நைட்ரேட், வருடக்கணக்கில் ஈரமும் வெப்பமும் பட்டுக் கெட்டு, விரியும்போது உலோகக் கூடே சிதறி உயிர்களைக் குடித்தது. கோடிக்கணக்கில் திரும்பப் பெற வேண்டி வந்து, அந்தக் கம்பெனி 2017இல் திவாலானது. திரும்பப் பெறாமலே விபத்தில் நொறுங்கி உடைப்புக்குப் போன வண்டிகளின் ஏர்பேக் உங்கள் தளத்தில் "ஒரிஜினல், நல்ல கண்டிஷன்" என்று வந்தால் யார் கண்டுபிடிப்பது? கழற்றிய வண்டியின் சேஸிஸ் நம்பர் இருந்தால் அந்த வண்டி திரும்பப் பெறும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கலாம். 1981க்குப் பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலும் அது 17 எழுத்தெண்கள். ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வராது. கற்பனையாக அடித்த நம்பர்கள் பலவற்றை உங்கள் கம்ப்யூட்டரே தடுத்துவிடும். ஆனால் அந்தக் கட்டத்தை "விருப்பமிருந்தால் நிரப்பவும்" என்று விட்டிருக்கிறீர்கள். உயிர் காக்கும் பொருளுக்கு விருப்பம் என்ன வேண்டியிருக்கிறது?

உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும் அடையாளங்களும் உண்டு. சாவிக்கொத்து, ஸ்டிக்கர் என்று நூறு சில்லறைப் பொருள் விற்று நல்ல மதிப்பெண் சேர்த்த கணக்கு, திடீரென்று ஒரே வாரத்தில் பத்து இன்ஜின்களைப் போடுகிறது. வருடக்கணக்கில் தூங்கிய கணக்கு ஒரு நாள் புது வங்கி எண்ணோடு எழுந்துவருகிறது. இன்ஜின் வாங்கியவருக்கு வேறு முகவரிக்குப் போன ஒரு கவரின் டிராக்கிங் நம்பரைக் கொடுத்து, "டெலிவர் ஆகிவிட்டது" என்று பணத்தை எடுத்துக்கொள்கிறார்கள். பார்சலின் எடை சில கிராம். இன்ஜின் எத்தனை கிலோ என்று உங்களுக்குத் தெரியாதா? இந்த மூன்றையும் வாங்குகிறவரால் பார்க்கவே முடியாது. உங்களால் முடியும். பார்க்காமல் இருப்பதற்குக் காரணம் கமிஷன் என்று எங்களில் பலர் சொல்கிறார்கள். அது உண்மையாக இருக்கக் கூடாது என்றுதான் நாங்கள் விரும்புகிறோம்.

கோபத்தில் சற்று நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மனது வைத்தால் சீக்கிரம் முடிகிற வேலை இது. விளம்பரம் போடும் பக்கத்தில் பார்ட் நம்பர் படத்துக்கென்று ஒரு கட்டாயக் கட்டம் வையுங்கள். அது காலியாக இருந்தால் வெளியிடும் பட்டன் வேலை செய்யக் கூடாது. ஏர்பேக்குக்கும் சீட் பெல்ட்டுக்கும் சேஸிஸ் நம்பரையும் கட்டாயமாக்குங்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், இ.சி.யு., இன்ஜெக்டர் நான்குக்கும் ரிட்டர்ன் கெடுவை 30 நாளாக்குங்கள்; இறக்கி ஏற்றிப் பூட்டி ஓட்டிப் பார்க்காமல் இவற்றின் நல்லது கெட்டது தெரியாது, அதற்கு ஒரு வாரம் போதாது. மூன்றையும் ஒரேயடியாகச் செய்ய முடியாதென்றால் முதலாவதை மட்டுமாவது உடனே செய்யுங்கள். பார்ட் நம்பரும் தேதிச் சீட்டும் தெரியும் படம் இல்லாமல் ஒரு விளம்பரமும் வேண்டாம்.

படம் எப்படி இருக்க வேண்டும், எந்தப் பார்ட்டில் நம்பர் எந்த இடத்தில் இருக்கும் என்று பட்டியல் போட்டுத் தர நாங்கள் தயார். சம்பளம் வேண்டாம். எப்போது, யாரிடம் தர வேண்டும் என்று மட்டும் தயவுசெய்து தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பழைய பார்ட்ஸ் வாங்கிப் பூட்டும் மெக்கானிக்குகள்