ஒகேனக்கல் தண்ணீரும் எங்கள் பல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தர்மபுரி என்றாலே 'வறண்ட மாவட்டம்' என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறீர்கள். பாலக்கோடு பக்கம் வந்து பாருங்கள், தக்காளி விளைந்து கிடக்கும், ஆனால் விலை சரிந்துவிட்டால் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று செடியிலேயே விட்டுவிடுகிறோம். பிள்ளைகள் ஓசூர், பெங்களூரு என்று போய்விட்டார்கள், ஊரில் மிச்சம் நாங்களும் மாடுகளும்தான். சாப்பாட்டுக்கு ராகிக் களியும் கீரைக் குழம்பும் இருக்கிறது, சரி.

தண்ணீர்தான் பிரச்சினை. நிலத்தடி நீரில் அளவுக்கு மீறி இருக்கிற ஃப்ளோரைடு என்கிற உப்பு என் வயதுக்காரர்களின் பல்லையெல்லாம் பழுப்பாக்கிவிட்டது, பெண் பார்க்கப் போன இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்பட்டவன் நான். 2013-ல் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, பேரனுக்குப் பல் வெள்ளையாக இருக்கிறது. ஆனால் குழாயில் வராத நாளில் பழைய கைப்பம்பைத்தான் அடிக்கிறோம், அதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பாலக்கோடு விவசாயி ஒருவர்