பாங்காங் ஏரிக்கரை இரவு வான்கண்காணிப்புப் பதிவேட்டின் நகல் கோரி மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற ஹவில்தார்
(பெயர், படை எண், முகவரி இணைப்பில் உள்ளன)

பெறுநர்
உயர்திரு பதிவேடுகள் பிரிவு அதிகாரி அவர்கள்

பொருள்: 2012-13 குளிர்காலத்தில் லடாக், பாங்காங் ஏரியின் தென்கரைச் சாவடியில் எழுதப்பட்ட இரவு வான்கண்காணிப்புப் பதிவேட்டின் பக்கங்களுக்குச் சான்றொப்பமிட்ட நகல் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து முன்னர் அனுப்பிய என் மனுக்கள். எதற்கும் பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முந்தைய மனுக்களை ஆள் பிடித்து ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதி அனுப்பினேன். பலன் இல்லை. இப்போது அந்த நாற்காலிக்குத் தாங்கள் வந்திருப்பதாகவும், தாங்கள் தமிழ் தெரிந்தவர், அதிலும் லடாக்கின் சுஷூல் பக்கம் பணிபுரிந்தவர் என்றும் என்னோடு இருந்த ஒரு சுபேதார் சொன்னார். ஆகவே துணிந்து தமிழிலேயே எழுதுகிறேன். தாக்குங் சாவடி எங்கே, ஏரி எப்போது உறையும், ராத்திரி காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்றெல்லாம் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

என் கோரிக்கையைப் பின்வருமாறு பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

1. 2012 ஆகஸ்ட் முதல், கிழக்கே சீனப் பக்கத்து அடிவானத்திலிருந்து மஞ்சள் நிற ஒளி உருண்டைகள் எழும்பி, மணிக்கணக்கில் மெதுவாக நகர்ந்து நம் பக்கம் வந்து மறைவதாக எல்லைச் சாவடிகளிலிருந்து அறிக்கைகள் போயின. உளவு பார்க்கும் ஆளில்லா விமானமாக இருக்குமோ என்ற சந்தேகம். மலை உச்சிக்கு நடமாடும் ரேடாரும் அலைக்கற்றை ஆய்வுக் கருவியும் ஏற்றப்பட்டன. ரேடாரில் ஒன்றும் விழவில்லை. பாதுகாப்பு ஆராய்ச்சித் துறைக்கும் பிடிபடவில்லை என்று அந்த நவம்பரில் பத்திரிகைகளே எழுதின. இதெல்லாம் ஊரறிந்த செய்தி, நான் எந்த ரகசியத்தையும் வெளியிடவில்லை.

2. அந்தக் குளிர்காலத்தில் எங்கள் சாவடியில் வழக்கமான சென்ட்ரி காவலோடு வான்கண்காணிப்பும் சேர்ந்தது. ஒளி தெரிந்தால் நேரம், காம்பஸில் திசை, உயரம், நிறம், நகரும் பக்கம் எல்லாம் எழுத வேண்டும். அது மறையும்வரை கால் மணிக்கு ஒருமுறை எழுத வேண்டும். எழுதினோம்.

3. இதுதான் முக்கியமான பத்தி, ஐயா. தயவுசெய்து இதை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். அந்தக் குளிரில் பால்பாயிண்ட் பேனா எழுதாது என்பது தங்களுக்குத் தெரியும். மை உறைந்துவிடும். பதிவேட்டின் முதுகில் நூல் கட்டி ஒரு பென்சில் தொங்கும். வெளிக் கையுறை கட்டைவிரலைத் தவிர மற்ற விரல்களை ஒரே பையில் போட்ட மாதிரி இருக்கும், அதோடு பென்சிலைப் பிடிக்க முடியாது. அதைக் கழற்றி, கம்பளி உள்ளுறையோடு மட்டும் பிடித்து எழுத வேண்டும். அதிலும் காம்பஸின் சிறு மூடியைத் திறந்து எண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் உள்ளுறையும் இடைஞ்சல்தான். மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே, ஏரிப்பக்கத்துக் காற்றில், கால் மணிக்கு ஒருமுறை வலது கையை வெளியே எடுத்தேன். டிசம்பரில் அந்த ஒளி பொழுது சாய்ந்ததுமே கிழக்கே ஏறிவிடும், விடிய விடிய இருக்கும். அதாவது என் டியூட்டி நேரம் முழுக்க அது தலைக்கு மேலே இருந்தது. அது மறைந்தால்தான் எழுதுவதை நிறுத்தலாம். அது மறையவே இல்லை.

ஓர் இரவு டியூட்டி மாறி பங்கருக்குள் வந்து புகாரி அடுப்பருகே உட்கார்ந்தபோது சுட்டுவிரலும் நடுவிரலும் மெழுகு போல வெளுத்திருந்தன. தொட்டால் தெரியவில்லை. மறுநாள் கொப்புளம், அப்புறம் கறுப்பு. கீழே அனுப்பி வைத்தார்கள். இரண்டு விரல்களின் நுனிக் கணுவையும் எடுத்துவிட்டார்கள். வலது கை, ஐயா. துப்பாக்கி விசையை அழுத்துகிற விரல்.

இதன் பிறகு நான் பதவி உயர்வு பெற்றதும், எழுத்து வேலையில் இருந்ததும், ஓய்வு பெற்றதும் தனிக் கதை, அதை விடுகிறேன். ஆனால் வெளியே வந்த முன்னாள் படைவீரனுக்கு நல்ல சம்பளம் கிடைக்கிற வேலை வங்கியில் கன்மேன் வேலை. சுட்டுவிரல் நுனி இல்லாதவனுக்கு அதை யார் கொடுப்பார்கள்? நேர்முகத் தேர்வில் கையைப் பார்த்ததும் நாற்காலியைவிட்டு எழுந்துவிடுகிறார்கள். துப்பாக்கி இல்லாத இரவுக் காவல்தான் கிடைத்தது. ஓய்வூதியத்துக்கு வாழ்நாள் சான்று கொடுக்கப் போனால் ரேகை இயந்திரம் என் விரலை ஏற்பதில்லை, மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும், பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். சட்டைப் பொத்தான் போட இன்றும் என் மனைவி வேண்டும். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதாமல் இருந்தும் பயனில்லை என்பதால் எழுதுகிறேன்.

4. ஊனமுற்றோர் ஓய்வூதியக் கூறு கேட்டு விண்ணப்பித்தேன். காயம் பணியின் காரணமாக ஏற்பட்டதல்ல, கையுறையைக் கழற்றிய கவனக்குறைவால் ஏற்பட்டது என்று ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எழுதுவதற்காகத்தான் கழற்றினேன், பதிவேட்டை எடுத்துப் பாருங்கள், என் கையெழுத்து கால் மணிக்கு ஒருமுறை இருக்கும் என்று மேல்முறையீடு செய்தேன். அப்படி ஒரு சிறப்புக் கண்காணிப்புப் பதிவேடு இருந்ததாகத் தெரியவில்லை என்றார்கள். சரி என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்தேன். அதற்கு வேறொரு பிரிவிலிருந்து, பிரிவு 8(1)(அ)-இன்படி நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்பதால் தர இயலாது என்று பதில் வந்தது.

இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், ஐயா. நகல் இணைத்திருக்கிறேன். ஒருவர் இல்லை என்கிறார், இன்னொருவர் ரகசியம் என்கிறார். இல்லாத ஒன்றை எந்தப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள்?

5. அப்படியே ரகசியம் என்றாலும், எது ரகசியம்? 2013 ஜூலையில் எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிட்டதே. பெங்களூருவில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் அறிஞர்கள் ஆராய்ந்து, அந்த ஒளிகள் வியாழனும் வெள்ளியும்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரை 329 பதிவுகள், அதில் 155 முறை எல்லைக் கோட்டைத் தாண்டியதாகப் பதிவு என்று எண்ணிக்கைகூட வெளிவந்தது. எல்லைக் கோட்டை எப்படித் தாண்டியது என்பதும் இப்போது எல்லோருக்கும் புரிகிறது. கிரகம் கிழக்கே உதிக்கும், எங்களுக்குக் கிழக்கே சீனப் பக்கம். பூமி சுழலச் சுழல அது மேற்கே சாயும், மேற்கே நம் பக்கம். தினமும் ஊடுருவல்தான்! அந்த உயரத்தில் காற்று மெல்லியது, தூசி இல்லை, கிரகங்கள் கீழே தெரிவதைவிடப் பளிச்சென்று தெரியும். அந்த டிசம்பர் 3-ஆம் தேதி வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே இருந்தது, அதனால்தான் இரவு முழுக்க நின்றது. ரிஷபத்தில், ரோகிணி நட்சத்திரத்துக்குப் பக்கத்தில். அந்த வருடக் குருப்பெயர்ச்சிக்கு என் அம்மா கோயிலில் நெய்விளக்கு போட்ட அதே குரு பகவானைத்தான் நான் மலைமேல் நின்று கால் மணிக்கு ஒருமுறை எழுதிக்கொண்டிருந்தேன்.

ஊரில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். விடிவெள்ளியைப் பார்த்துத் துப்பாக்கி தூக்கியவன் என்கிறார்கள். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு விடிவெள்ளி தெரியாதா? ஆனால் தெரிந்தது தெரியாதது பார்த்து எழுதச் சொல்லவில்லை, ஒளியாகத் தெரிவதை எல்லாம் எழுதச் சொன்னார்கள். அதுவும் நியாயமான உத்தரவுதான். சென்ட்ரி முடிவு சொல்லக் கூடாது, பார்த்ததை எழுத வேண்டும். நேரமும் திசையும் இல்லாமல் எந்த வானியலாளராலும் இது கிரகம் என்று சொல்லிவிட முடியாது. அந்த நேரத்தையும் திசையையும் எழுதிய கைகளில் ஒன்று என்னுடையது.

என் கேள்வி ஒன்றே ஒன்று. சுமார் 60 கோடி கிலோமீட்டர் தொலைவில், உலகமே அண்ணாந்து பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கும் வியாழன் கிரகம் எப்படி ராணுவ ரகசியம் ஆகும்?

6. பதிவேட்டில் சாவடியின் இருப்பிடம், ஆள் எண்ணிக்கை போன்றவை இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். அதைக் கறுப்பு மை போட்டு அடித்துவிடுங்கள். அதே சட்டத்தின் பிரிவு 10 அதற்குத்தான் இருக்கிறது, மறைக்க வேண்டியதை மறைத்து மீதியைத் தரலாம். எனக்குத் திசையும் வேண்டாம், உயரமும் வேண்டாம். தேதி, மணி, என் சுருக்கொப்பம், இந்த மூன்று கட்டங்கள் போதும்.

7. ஐயா, நகல் தாருங்கள்.

8. முடித்துவிடலாம் என்று நினைத்தேன், இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காலம் கடந்த பதிவேடுகளைக் குழு அமைத்து எரித்துவிடுவது வழக்கம் என்று தங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழுத்து வேலையில் இருந்தபோது நானே அந்தச் சாம்பலைக் கிளறி, முழுதாக எரிந்ததா என்று பார்த்திருக்கிறேன். என் மனுக்கள் தங்கள் அலுவலகத்தில் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போகிற நேரத்தில் அந்தப் புத்தகம் அடுப்புக்குப் போய்விடுமோ என்பதுதான் என் பயம். ஒருவேளை போய்விட்டது என்றால், அதையாவது எழுதிக் கொடுங்கள். எந்தத் தேதியில், எந்த ஆணையின்படி அழிக்கப்பட்டது என்ற அழிப்புச் சான்றின் நகல் கொடுங்கள். அழிக்கப்பட்ட பட்டியலில் அந்தப் பதிவேட்டின் பெயர் இருந்தாலே, அப்படி ஒன்று இருந்தது என்று ஆகிவிடும் அல்லவா? அதை வைத்துக்கொண்டு நான் மருத்துவ வாரியத்தின் முன் போய் நிற்பேன்.

என்னோடு மாற்றி மாற்றி நின்றவர்களில் சிலர் இன்னும் பணியில் இருக்கிறார்கள். அவர்களிடம் வாக்குமூலம் வாங்கித் தரட்டுமா என்று ஏற்கெனவே கேட்டிருந்தேன். அதற்கும் பதில் இல்லை. வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட ஒரு அஞ்சலட்டை போதுமே, ஐயா. அந்த நாள் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி அவர்கள்கூட, அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்கள் காணப்பட்டதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார். இல்லை என்பதும் ஒரு பதில். நாட்டுக்கே பதில் கிடைத்த ஒரு விஷயத்தில், அதை விரல் கொடுத்து எழுதியவனுக்கு மட்டும் ஒரு வரி கிடையாதா?

கோபமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தங்கள் மேல் கோபம் இல்லை, தாங்கள் புதிதாக வந்தவர். வானத்தில் இருந்தது ஆளில்லா விமானமா, கிரகமா, வேறெதுவுமா என்பதைப் பற்றி எனக்கு இப்போது அக்கறையே கிடையாது. எதுவாக இருந்தாலும் அதை எழுதச் சொன்னது உத்தரவு, எழுதியது பணி, பணியில் போனது விரல். இதற்குச் சாட்சி அந்த ஒரு புத்தகம்தான்.

ஆகவே, கருணைகூர்ந்து,

(அ) 2012 டிசம்பர், 2013 ஜனவரி மாதங்களுக்கான வான்கண்காணிப்புப் பதிவேட்டில் என் சுருக்கொப்பம் உள்ள பக்கங்களுக்குச் சான்றொப்பமிட்ட நகல் வழங்குமாறும்,

(ஆ) இல்லையெனில் அழிப்புச் சான்றின் நகல் வழங்குமாறும்,

(இ) இரண்டும் முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை ஒரே அலுவலகத்திலிருந்து, ஒரே கடிதத்தில், ஒரே காரணமாக எழுதி அனுப்புமாறும்

மிகவும் பணிவுடன் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். நகல் தாருங்கள், ஐயா. பக்கத்துக்கு எவ்வளவு கட்டணம் என்றாலும் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஹவில்தார்

இணைப்புகள்:
பணிவிடுப்புப் புத்தகத்தின் நகல்
மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்டபோது தந்த சீட்டின் நகல்
பதிவேடு இல்லை என்ற கடிதத்தின் நகல்
பதிவேடு ரகசியம் என்ற கடிதத்தின் நகல்
தபால்தலை ஒட்டி, என் விலாசம் எழுதிய உறை (முந்தைய மனுக்களோடு வைத்த உறைகளும் தங்கள் அலுவலகத்தில்தான் இருக்கின்றன. தபால்தலை இன்னும் செல்லுமென்றால் அவற்றையே பயன்படுத்திக்கொள்ளலாம்.)