குழல் வாயில் சேறு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தை அம்மா பத்து முறையாவது பார்த்திருப்பாள். என் கண் மட்டும் உன் முகத்தை விட்டு ரைஃபிளுக்குப் போய்விட்டது. மழை உள்ளே இறங்காமல் இருக்கத் தலைகீழாக மாட்டியிருக்கிறாய், சரிதான். ஆனால் நீ குந்தி உட்கார்ந்ததும் குழல் வாய் ஈரமண்ணில் ஊன்றி நிற்கிறதே, கவனித்தாயா?

உன் வயதில் நான் ஓடைக்கரையில் வழுக்கி விழுந்தேன். முழங்காலைத் தடவிப் பார்த்தேனே தவிர, துப்பாக்கியைப் பார்க்கத் தோன்றவில்லை. அரைமணி கழித்து மான் தெரிந்தது. சுட்டேன். மான் தப்பியது. ராத்திரி குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைக் கழற்றி, குழலை விளக்குக்கு நேரே பிடித்தால், வாயிலிருந்து நாலு விரல் உள்ளே மோதிரம் மாதிரி ஒரு கறுப்பு வளையம். அதே இடத்தில் வெளியே விரலை ஓட்டினால் லேசாக மேடு தட்டியது. குழல் உப்பியிருந்தது. அதோடு அதன் ஆயுசு முடிந்தது. பிளக்காமல் விட்டது என் நல்ல நேரம்.

கொஞ்சம் சேறு என்ன செய்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். .30-06 என்கிற வேட்டைத் தோட்டா வெடிக்கும்போது எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை போகும். குண்டு அடைப்பில் முட்டித் தடுமாறினால், பின்னால் விரட்டி வரும் வாயு அந்த இடத்தில் முட்டிக்கொள்ளும். எஃகு உப்பும், அல்லது கிழியும். பனி, சுள்ளி, துடைத்துவிட்டு உள்ளேயே மறந்த துணி, எதுவானாலும் இதே கதைதான்.

கிளம்பும்போதே குழல் வாய்க்குக் குறுக்கே இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிவிடு. குறி தவறாது. குண்டு வருமுன்பே அது தள்ளிக்கொண்டு வரும் காற்று டேப்பைப் பிய்த்துவிடும். துணியையோ கார்க்கையோ மட்டும் உள்ளே திணிக்காதே.

விழுந்தாலோ, வாய் எதிலாவது இடித்தாலோ, தோட்டாக்களை எல்லாம் எடுத்துவிட்டு, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலியா என்று விரலாலும் தடவிப் பார். பிறகு போல்ட்டைக் கழற்றிப் பின்பக்கமிருந்து வெளிச்சத்தைப் பார். வட்டம் முழுசாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சுள்ளியால் குத்தாதே, அது முறிந்தால் இரண்டு அடைப்பு. அதற்குத்தான் துண்டு துண்டாகப் பூட்டிக்கொள்ளும் துடைப்புக் கம்பி, அது எப்போதும் உன் பையில் இருக்கட்டும். இன்னொரு குண்டு போட்டுத் தள்ளிவிடலாம் என்று யாராவது சொன்னால், அந்த ஆளோடு வேட்டைக்கே போகாதே.

சத்தம் ‘டொப்’பென்று செத்து, தோளில் உதையும் இல்லாமல் போனால் குண்டு பாதி வழியில் நிற்கலாம். உடனே திறக்காதே. ஆளில்லாத பக்கம் நீட்டியபடி அரை நிமிஷம் பொறு. பிறகு காலி செய்துவிட்டுக் குழலைப் பார்.

உன் சின்ன .22 ரைஃபிள் இருக்கிறதே, அதன் குறுகலான குழல் தண்ணீரைக்கூடப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாயைக் கீழே சாய்த்து போல்ட்டைக் கொஞ்சம் பின்னால் இழு, காற்றுப் புகுந்ததும் வடிந்துவிடும்.

படம் எடுத்த அன்றைக்குக் குழலைப் பார்த்தாயா, இல்லையா? பதிலில் மற்றதெல்லாம் அப்புறம்.

அப்பா