டெபியன் 12க்கு மாறியபோது கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். என் வேலைக் கணினியின் இயங்குதளமான டெபியன் லினக்ஸ் 11இலிருந்து 12க்கு மாறியதில் நின்றுபோன கருவிகள் எல்லாம் இப்போது ஓடுகின்றன. பைத்தான் ஓடுகிறது, டேட்டாபேஸ் ஓடுகிறது, நிரல் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட்டில் நிரல் ஏறுகிறது. உங்களில் சிலருக்கு நேரிலும் போனிலும் நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் யார் எதைச் சரிசெய்து கொடுத்தார் என்பது அடுத்தவருக்குத் தெரியாது. ஒருவர் சொன்ன வழி இன்னொருவருக்கும் பயன்படும் என்பதால் எல்லாவற்றையும் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

"நல்லா ஓடுறதை ஏன் நோண்டுறீங்க?" என்று கேட்டவர்களுக்கும் நன்றி. அக்கறையில்தான் கேட்டீர்கள். டெபியன் 11 வந்தது 2021 ஆகஸ்டில். அதன் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஆகஸ்டோடு முடிந்து, அப்புறம் பொறுப்பு நீண்டகால ஆதரவுக் குழுவிடம் போனது. அந்தக் குழுவும் நல்ல வேலைதான் செய்கிறது. ஆனாலும் வாடிக்கையாளர் தரவைத் தொடுகிற கணினியை இனியும் அப்படியே வைத்திருக்க எனக்கு மனமில்லை.

அப்கிரேடு என்னவோ சத்தமில்லாமல் முடிந்தது. கணினி திரும்பக் கிளம்பியது, திரை வந்தது. சிக்கல் அதற்கு மேல்தான். பைத்தான் மொழி 3.9இலிருந்து 3.11, டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் 13இலிருந்து 15, குறியாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1இலிருந்து 3.0, வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் 8.4இலிருந்து 9.2, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் 12இலிருந்து 18. தனித்தனியாக வந்திருந்தால் ஒவ்வொன்றும் அரைமணி நேர வேலை. எல்லாம் ஒரே நேரத்தில் மாறும்போது எந்த எர்ரர் எதனால் வருகிறது என்று பிரித்துப் பார்ப்பதே பெரிய வேலையாகிவிடுகிறது.

அந்த இடத்தில் முதலில் கைகொடுத்தவர் எங்கள் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. "எதையும் திரும்ப இன்ஸ்டால் பண்ணாதீங்க. ஒரு கருவியை எடுங்க. கட்டளையை அடிச்சா எந்த ஃபைல் ஓடுது, அது எந்த வெர்ஷன், எந்த லைப்ரரியைத் தேடுது, இந்த மூணை மட்டும் எழுதிட்டு வாங்க" என்றார். எழுதிப் பார்த்தபோதுதான் பத்துப் பன்னிரண்டு கோளாறாகத் தெரிந்தது நான்கே காரணங்களுக்குள் அடங்கியது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடு என்று சொல்ல நிறையப் பேர் இருந்தார்கள். அதுவும் ஒரு வழிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வழியில் போயிருந்தால் டேட்டாபேஸும் சேர்ந்து போயிருக்கும். அக்கா போட்ட அந்தத் தடைக்குத்தான் என் முதல் நன்றி.

அடுத்து, அணியில் புதிதாகச் சேர்ந்த தம்பி. பைத்தானின் மெய்நிகர் சூழல்கள், அதாவது ஒவ்வொரு திட்டத்துக்கும் வேண்டிய பொதிகளை (பேக்கேஜ்களை) தனியாக வைக்கும் ஃபோல்டர்கள், ஒன்றுகூட வேலை செய்யவில்லை. சூழல் திறக்கிறது, ஆனால் எந்த மாட்யூலைக் கேட்டாலும் இல்லை என்கிறது. பொதிகளை நிறுவும் பிப் கூட இல்லையாம். ஃபோல்டருக்குள் பார்த்தால் ஒரு ஃபைல்கூடக் குறையவில்லை.

"அண்ணா, லிப் ஃபோல்டருக்குள்ள என்ன இருக்கு?"

"பைத்தான்3.9னு ஒரே ஒரு ஃபோல்டர்."

"சரி, இப்ப பின் (bin) ஃபோல்டர்ல இருக்கிற பைத்தான்3 எங்க போய் நிக்குதுன்னு பாருங்க."

பார்த்தேன். அது வெறும் இணைப்பு. சிஸ்டத்தின் பைத்தான்3ஐக் காட்டுகிறது. அந்தப் பைத்தான்3 இப்போது 3.11.

"அது 3.11ங்கிற பேர்ல இருக்கிற ஃபோல்டரைத்தான் தேடும். நம்ம ஆளுங்க எல்லாம் 3.9 வீட்டுல உட்கார்ந்திருக்காங்க, இது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிட்டு நிக்குது" என்றார் தம்பி. இதைவிடத் தெளிவாக இனி யாரும் எனக்கு விளக்க முடியாது. 3.9க்குக் கட்டிய பொதிகளை 3.11க்கு அப்படியே நகர்த்தவும் கூடாது, ஏனென்றால் அவற்றில் சில சி மொழியில் எழுதப்பட்டு அந்தந்த வெர்ஷனுக்கென்றே கம்பைல் ஆனவை. சூழலை அழித்து, வேண்டிய பொதிகளின் பட்டியலான ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலை வைத்துப் புதிதாகக் கட்டுவதுதான் சரி. கட்டும்போது போஸ்ட்கிரெஸோடு பேசும் பொதி மட்டும் பிஜி கான்ஃபிக் என்ற கருவி கிடைக்கவில்லை என்று முரண்டு பிடித்தது. லிப்பிக்யூ டெவ் என்ற பொதியைப் போட்டதும் அடங்கிவிட்டது.

தம்பிக்கு இன்னொரு நன்றியும் பாக்கி. டெபியன் 12இல் சூழலுக்கு வெளியே பிப் இன்ஸ்டால் அடித்தால், இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று சொல்லி மறுத்துவிடும். அதைத் தாண்டிப் போக ஒரு ஆப்ஷன் உண்டு, அதைச் சேர்த்து அடித்தால் வேலை முடிந்தது என்று இரண்டு பேர் அடித்துச் சொன்னார்கள். தம்பி வேண்டாம் என்றார். டெபியனின் சொந்தக் கருவிகள் பலவும் அதே பைத்தானில்தான் ஓடுகின்றன. நாம் பிப் வழியாக ஒரு பொதியின் வேறு வெர்ஷனைக் கொண்டுவந்து வைத்தால், அந்தக் கருவிகளும் அதையே எடுத்துக்கொண்டு தடுமாறலாம். இதைத் தடுக்கத்தான் பெப் 668 என்ற பைத்தான் விதி. அதை எழுதியவர்களில் டெபியனின் மத்தியாஸ் குளோஸ, ஸ்டெஃபானோ ரிவேரா இருவரும் உண்டு. இந்தத் தடையைப் பார்த்து எரிச்சல் வராத டெவலப்பர் இருக்க மாட்டார், எனக்கும் வந்தது. இப்போது நன்றி சொல்கிறேன்.

இனி டேட்டாபேஸ். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது இங்கேதான்.

அப்கிரேடு போஸ்ட்கிரெஸ் 15ஐக் கொண்டுவந்தது, ஆனால் 13ஐத் தூக்கிப் போடவில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன. இருக்கிற டேட்டாபேஸ்களைப் பட்டியலிடும் பிஜி எல்எஸ்கிளஸ்டர்ஸ் கட்டளையை அடித்தால் இரண்டு வரி வரும். 13, மெயின், போர்ட் 5432. அதற்குக் கீழே 15, மெயின், போர்ட் 5433. என் தரவு முழுக்க 13இல் இருக்கிறது. 15 காலி. தரவை 15க்கு மாற்ற டெபியன் சொல்லும் முறைப்படி, அப்கிரேடின்போது தானாக உருவான காலியான 15ஐ முதலில் அழிக்க வேண்டும். அப்புறம் பிஜி அப்கிரேடுகிளஸ்டர் என்ற கட்டளைக்கு 13ஐக் கொடுத்தால், அதுவே புதிய 15ஐ உருவாக்கித் தரவை ஏற்றிவிடும். அழிக்கும் கட்டளையில் 15 என்ற இடத்தில் 13 என்று விரல் தவறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

முன்பு எங்களோடு வேலை பார்த்து, இப்போது வேறு இடத்தில் இருக்கும் டேட்டாபேஸ் சார், நான் கேட்டதும் தன் வேலையை நிறுத்திவிட்டுப் போனில் வந்தார். முதலில் 13இலிருந்து முழு டம்ப் (தரவின் நகல்) எடுக்கச் சொன்னார். எடுத்ததை வேறொரு கணினியில் ஏற்றி, டேபிள்களில் எத்தனை வரிசை என்று எண்ணிப் பார்க்கவும் சொன்னார். "எடுத்து வச்சா மட்டும் போதாதுப்பா, திரும்ப ஏறுதான்னு பார்த்தாத்தான் அது பேக்கப்பு." அது முடிந்த பிறகு, அழிக்கும் கட்டளையை நான் அடித்ததும் என்டர் தட்ட விடவில்லை. "அடிச்சதை எண் எண்ணா வாசி" என்றார். பதினைந்து, மெயின் என்று வாசித்தேன். "இப்ப தட்டு."

அதற்கு மேல் அவர் கேட்ட கேள்வி எனக்குத் தோன்றியே இருக்காது: தரவை எந்த முறையில் மாற்றப் போகிறாய்? டெபியனின் கருவி வழக்கமாகச் செய்வது, பழையதிலிருந்து டம்ப் எடுத்துப் புதியதில் ஏற்றுவது. ஃபைல்களை அப்படியே எடுத்துக்கொள்ளும் வேகமான முறையும் உண்டு. வேகமானதையே எடுத்துக்கொள்ளலாமே என்றேன். சார் வேண்டாம் என்றார். எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதைப் போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் சிஸ்டத்தின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியிடம் கேட்டுத்தான் செய்கிறது. அந்த ஜிலிப்சி 2.31இலிருந்து 2.36க்கு மாறியிருக்கிறது. வரிசைமுறையில் எங்காவது ஒரு மாற்றம் இருந்தால், பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸ் (தேடலுக்கான அட்டவணை) புதிய சிஸ்டத்தில் தப்பாகத் தேடும். தரவு இருக்கும், தேடினால் கிடைக்காது. 2018இல் ஜிலிப்சி 2.28 வந்தபோது இந்த வரிசைமுறை பெரிய அளவில் மாறியது. டெபியன் 10க்குப் போனவர்கள் பலர் இண்டெக்ஸ்களை மறுபடி கட்ட வேண்டியிருந்தது, சாரும் அதில் ஒருவர். டம்ப் முறையில் இண்டெக்ஸ் எல்லாம் புதிதாகவே கட்டப்படும். என் தரவு சின்னது, நேரமும் அதிகம் ஆகவில்லை. வேகமான முறையில் போயிருந்தால் எர்ரர் எதுவும் வராமலே போயிருக்கலாம், அதுதான் பயமே.

முடிந்ததும் 15 வந்து 5432இல் உட்கார்ந்துகொண்டது. 13 வேறு போர்ட்டுக்குத் தள்ளப்பட்டு, தானாகக் கிளம்பாதபடி வைக்கப்பட்டது. அப்ளிகேஷனின் கான்ஃபிகில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. இந்தக் கருவிகளை எழுதிய மார்ட்டின் பிட் என்பவரை எனக்கு நேரில் தெரியாது, இந்தக் கடிதத்தை அவர் படிக்கப் போவதும் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். தேவையில்லாத பொதிகளை டெபியனின் பொதி நிர்வாகியான ஆப்ட் துடைக்கும்போது, பழைய போஸ்ட்கிரெஸை மட்டும் தொடாதே என்று ஒரு குட்டி ஃபைல் அந்தத் தொகுப்போடு கூடவே வருகிறது. அப்கிரேடு முடிந்த கையோடு ஆட்டோரிமூவ் அடிக்கிற என் போன்றவர்களை நினைத்து யாரோ ஒருவர் எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்.

எஸ்எஸ்எச் கதை சின்னது, ஆனால் அதைச் சுற்றித்தான் அதிகமாகத் தப்பான ஆலோசனை வந்தது. அலுவலகத்தின் பழைய கிட் சர்வர் ஒன்று உள்ளே நுழைவதற்கான என் ஆர்எஸ்ஏ வகைச் சாவியை ஏற்கவில்லை. அனுமதி இல்லை என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டது. ஆர்எஸ்ஏ காலம் முடிந்துவிட்டது என்றார்கள். அப்படி இல்லை என்று விளக்கியவர் எங்கள் பாதுகாப்புப் பிரிவுத் தோழி. எஸ்எஸ்எச் கட்டளையை, விவரம் காட்டும் மைனஸ் வி ஆப்ஷனைச் சேர்த்து ஓட்டச் சொன்னார், இரு தரப்புக்கும் பொதுவான கையொப்ப முறை இல்லை என்று ஒரு வரி வந்தது. 2021 செப்டம்பரில் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.8, ஆர்எஸ்ஏ சாவியால் ஷா-1 என்ற பழைய முறையில் போடும் கையொப்பத்தை இயல்புநிலையில் நிறுத்திவிட்டது. அதை உடைக்க 50,000 டாலருக்கும் குறைவான செலவு போதும் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். அதே ஆர்எஸ்ஏ சாவியால் ஷா-2 கையொப்பமும் போட முடியும். ஆனால் அதைப் புரிந்துகொள்ள சர்வரில் குறைந்தது 2016இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 7.2 வேண்டும். எங்கள் சர்வர் அதற்கும் மூத்தது!

கான்ஃபிகில் எல்லா ஹோஸ்ட்டுக்கும் சேர்த்துப் பழைய முறையைத் திறந்துவிடு என்றார்கள் சிலர். தோழி ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு கிழட்டு சர்வருக்காக நான் போகிற எல்லா சர்வரிடமும் இளகிக் கொடுக்க வேண்டியதில்லை. ஈடி25519 என்ற இன்னொரு வகைச் சாவியை ஓபன்எஸ்எஸ்எச் 2014இலிருந்தே அறியும், அதில் ஒன்றை உருவாக்கி சர்வரில் சேர்த்தோம். உடனே திறந்தது.

நோடில் வந்த எர்ரரைத் தீர்த்தவர் முன்பக்க (ஃபிரன்ட்எண்ட்) வேலை பார்க்கும் தங்கை. முன்பக்க ஃபைல்களைத் தொகுக்கும் பழைய வெப்பேக் 4 கேட்கும் எம்டி4 என்ற பழைய ஹாஷ் முறையை ஓபன்எஸ்எஸ்எல் 3 சாதாரணமாகத் தருவதில்லை, அவ்வளவுதான் விஷயம். பழையதை அனுமதிக்கும் ஆப்ஷனை வைத்து அன்றைய வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, வெப்பேக் 5க்கு மாறும் வேலையையும் தானே எடுத்துக்கொண்டார். அதைச் செய்ய அவரிடம் யாரும் கேட்கவில்லை.

கடைசியாக, இவ்வளவுக்கும் நடுவில் தன் மாற்றுக் கணினியைக் கொடுத்துவிட்டு, எப்போது முடியும் என்று ஒரு தடவைகூடக் கேட்காத எங்கள் மேலாளருக்கு நன்றி. அப்கிரேடுக்கு முன் படியுங்கள் என்று டெபியன்காரர்கள் எழுதும் வெளியீட்டுக் குறிப்புகளுக்கும்தான். மேலே சொன்ன பிப் தடை அதில் அப்படியே இருக்கிறது.

அக்கா சொன்ன மூன்று கேள்விகளையும், கருவி வாரியாக வந்த எர்ரரையும் தீர்வையும் அணியின் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்து அப்கிரேடு செய்யப் போகிறவர்கள் என்னைக் கூப்பிடுங்கள், கூடவே உட்கார்ந்துகொள்கிறேன். கிட் சர்வரை மாற்றும் வேலையும் அடுத்த மாதப் பட்டியலில் ஏறிவிட்டது. போஸ்ட்கிரெஸ் 13ஐ இன்னும் அழிக்கவில்லை. மாதக் கடைசிக் கணக்கு ஒரு தடவை 15இல் சரியாக ஓடி முடியட்டும் என்று வைத்திருக்கிறேன். சார், அன்றைக்குக் கட்டளையை அடித்துவிட்டு உங்களைக் கூப்பிடுகிறேன், வாசித்த பிறகுதான் என்டர்.

அன்புடன்,
உங்கள் நண்பன்