யானைகளைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு

கடலூர், புதுச்சேரி வட்டாரப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தினருக்கும் ஒரு தாயின் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போதே கல்விச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டச் சொல்லிச் சீட்டு வந்துவிடுகிறது. பெரும்பாலும் ஊட்டி, மைசூர். இரண்டுக்கும் நடுவில் முதுமலைத் தெப்பக்காடு யானைகள் முகாம் ஒரு வரியாக இருக்கும். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கட்டாயம் கூட்டிப் போங்கள். ஆனால் நண்பகலில் பஸ்ஸை நிறுத்தி, அரை மணி நேரத்தில் படம் எடுத்துக்கொண்டு கிளம்புவதற்காக என்றால் அது யானைக்கும் நல்லதில்லை, பிள்ளைக்கும் ஒன்றும் மிஞ்சாது. அங்கே பார்க்க வேண்டியது தீனி நேரம். காலையிலும் மாலையிலும் கேழ்வரகுக் களி, கொள்ளு, வெல்லம், உப்பு எல்லாம் அந்தந்த யானையின் வயதுக்கும் உடல்நிலைக்கும் தக்கபடி அளந்து, உருண்டை பிடித்து, பாகன்கள் வாயில் வைக்கிறார்கள். மருந்து வேண்டிய யானைக்கு அந்த உருண்டைக்குள்ளேயே மருந்தும் போகும். மற்ற நேரத்தில் போனால் பல யானைகள் மேய்ச்சலுக்குப் போயிருக்கும், வெறும் கொட்டடியைத்தான் பார்க்கலாம்.

அதைவிட முக்கியம், ஒவ்வொரு யானையும் அங்கே ஏன் வந்தது என்பது. ரகு 2017இல் ஓசூர்ப் பக்கத்துக் காட்டிலிருந்து வந்த குட்டி. தாய் மின்சாரம் தாக்கிச் செத்துப்போனது. பொம்மி 2019இல் சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து வந்தவள். முகாமின் பாகன் பொம்மனும் அவர் மனைவி பெள்ளியும் இரண்டையும் பிள்ளைபோல் வளர்த்து ஆளாக்கினார்கள். எல்லாக் குட்டிக்கும் அப்படி அமைவதில்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டத்தில் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட ஒரு குட்டியைத் தெப்பக்காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டும் அந்த மாதம் முடிவதற்குள் அது இறந்துவிட்டது. தாய்ப்பால் இழந்த குட்டியைக் காப்பாற்றுவது அவ்வளவு கடினம். பசும்பால் அதன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. கழிச்சல் கண்டால் சில நாளிலேயே உடம்பு வற்றிவிடும்.

அதே மார்ச்சில், அதே மாவட்டத்தில், மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் பக்கத்திலேயே நின்றன. இதை நம் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை. காட்டுப்பன்றிக்காக வயலைச் சுற்றி மின்கம்பி இழுத்து, அதில் மனிதர்களே சாகிற செய்தியை நம் பக்கத்து ஊர்களிலும் கேட்கிறோம். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துப் பிள்ளை ரகுவின் முன்னால் நின்று இதைக் கேட்டால், வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பேசும். இந்தச் சுற்றுலாவில் நான் எதிர்பார்க்கும் கல்வி இதுதான்.

புதுச்சேரிப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமியிடம் வளர்ந்தவர்கள் நாம். 2022 நவம்பர் 30 காலையில் அவள் நடைப்பயிற்சியில் விழுந்து இறந்தபோது ஊரே தெருவில் நின்று அழுதது. அந்தப் பாசம் பொய்யில்லை. ஆனால் யானை என்றால் தும்பிக்கையில் காசு வைப்பது, அது தலையில் தட்டி ஆசி கொடுப்பது என்றே நம் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். முகாமிலும் கை தானாக நீளும். ஆசிரியர்கள்தான் கிளம்பும் முன்பே சொல்லி வைக்க வேண்டும். காசநோய் மனிதரிடமிருந்து யானைக்கும், யானையிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடியது. குட்டிக்கு நோயைத் தாங்கும் சக்தி இன்னும் குறைவு.

இலங்கையில் உடவளவையில் 1995 முதல் ஒரு யானைக்குட்டிகள் இல்லம் நடக்கிறது. மூன்று மணிக்கொரு முறை பால் கொடுப்பதைப் பார்வையாளர்கள் தள்ளி நின்று மேடையிலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். தொட முடியாது. மனிதரோடு ஒட்டிப்போன குட்டியைத் திரும்பக் காட்டில் விட முடியாது என்பதே காரணம். அப்படி வளர்த்து நூறுக்கும் மேற்பட்ட யானைகளைக் காட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

போகிற வழியில் யானைகளைக் காட்டும் தனியார் இடங்கள் எதையாவது ஏஜென்ட் சேர்க்கச் சொன்னால் ஒரே கேள்வி கேளுங்கள்: யானை மேல் ஏறலாமா, குளிப்பாட்டலாமா? ஆமாம் என்றால் அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். காயம்பட்ட யானைக்கு ஓய்வு கொடுக்கிறவர் அதன் முதுகில் ஆளை ஏற்றமாட்டார்.

நேரக் கணக்கும் சொல்கிறேன். மாலைத் தீனியைப் பார்த்துவிட்டு அன்றே மைசூர் போக நினைத்தால் ஓட்டம்தான், இரவு 9 மணிக்கு பந்திப்பூர்ச் சாலையை மூடிவிடுவார்கள். அதனால் மைசூரில் ஒரு இடத்தைக் குறைத்து, கூடலூரில் ஒரு இரவு தங்கவையுங்கள். காலையில் நிதானமாக முகாமுக்குப் போகலாம். தீனி நேரத்தை வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பாகன் ஒருவர் பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் பேச முடியுமா என்றும் அப்போதே கேளுங்கள். யானையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

சீட்டு அடிப்பதற்கு முன் இந்தத் திட்டத்தைப் பெற்றோர் கூட்டத்தில் வையுங்கள். ஒரு இரவு கூடினால் செலவும் கூடும், அது தெரியும். கட்ட முடியாத பிள்ளைகளின் பங்கைப் பகிர்ந்துகொள்ள எங்கள் வகுப்புப் பெற்றோர் சிலர் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவியின் தாய்,
புதுச்சேரி