பெட்டியை நிறுத்துங்கள், டிரை ஐஸ் நிரப்ப விடுங்கள்: விமானச் சரக்குப் பிரிவு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எந்தப் பெட்டி என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஆர்க்டிக்கில் உள்ள நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளிலிருந்து ஆஸ்லோ வழியாக, ஆய்வுக்காக உறைய வைத்த கடல்நீர்க் குப்பிகளோடு வந்து, உங்கள் கிடங்கில் ஒரு மூலையில் கிடந்த வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி. தாள்கள் சரியில்லை என்று நிறுத்தி வைத்தீர்கள். அது உங்கள் வேலை, குறை சொல்லவில்லை. நிறுத்தி வைத்திருந்தபோது டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, நிரப்ப விடவில்லையே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

டிரை ஐஸ் உருகி நீராவதில்லை, நேரே வாயுவாகிப் போய்விடும். பெட்டி நனையாது, சொட்டாது. "பெட்டி நன்றாகத்தானே இருக்கிறது" என்று உங்கள் அலுவலர் சொன்னது பொய்யில்லை. ஆனால் வந்த அன்று போட்ட எடைச் சீட்டையும் விடுவித்த அன்று போட்ட எடைச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் உங்கள் கையெழுத்தில்தான் இருக்கின்றன. குறைந்த எடை அத்தனையும் காற்றோடு போன குளிர். பெட்டியைத் திறந்து ஒரு குப்பியை எடுத்துச் சாய்த்தேன். கல்லாக இருக்க வேண்டியது உள்ளே ஆடியது.

அது கோங்ஸ்ஃபியோர்டன் கடல்நீர். 79 டிகிரி வடக்கில், 2008 முதல் நம் நாட்டின் ஆர்க்டிக் ஆய்வு நிலையமான ஹிமாத்ரி இருக்கும் அதே வளைகுடா. மேற்கு வாயில் வழியாக வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீர் நுழைகிறது. உள்முனையில் பனியாறுகள் சேறு கலந்த உருகுநீரைக் கொட்டுகின்றன. ஒரு மில்லிலிட்டரில் லட்சக்கணக்கில் பாக்டீரியா, வைரஸ் பெரும்பாலும் அதைப்போலப் பத்து மடங்கு. ஆனால் வாயிலில் எண்ணியது உள்முனைக்குப் பொருந்தாது. சேற்றுத் துகளில் ஒட்டிக்கொண்ட வைரஸ் கணக்கே வேறு. வசந்தத்தில் பாசி பெருகும்போது பாக்டீரியா பெருகும், பின்னாலேயே அவற்றைத் தாக்கும் வைரஸும் பெருகும். அந்த வசந்தத்து நீர்தான் அந்தக் குப்பிகளில் இருந்தது. போன வசந்தத்தை இனி எங்கே போய் மொள்வது?

மாதிரி கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்தால்கூட ஒரு நஷ்டத்தோடு போய்விடும். உருகி மறுபடி உறைந்த நீரை யாராவது தெரியாமல் எண்ணிவிட்டால்? வைரஸ் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். அப்புறம் வரைபடத்தில் அந்த இடத்தில் 'வைரஸ் குறைவு' என்று புள்ளி விழும். கடலில் குறையவில்லை ஐயா, உங்கள் கிடங்கில் குறைந்தது.

'வைரஸ்' என்று படிவத்தில் பார்த்ததும் மனிதருக்குத் தொற்றாது என்று சான்று கேட்டீர்கள். கொரோனாவுக்குப் பிறகு அந்தப் பயம் நியாயம்தான். இவை பெரும்பாலும் பாக்டீரியாவையும் பாசியையும் தாக்குபவை. போதாததற்கு, படகிலேயே ஒவ்வொரு குப்பியிலும் நுண்ணுயிர்களைச் செயலிழக்கச் செய்யும் க்ளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளை விட்டு, திரவ நைட்ரஜனில் உறைய வைத்துத்தான் அனுப்பியிருக்கிறோம். செத்ததற்கு நடத்தைச் சான்று கேட்டாலும் வாங்கித் தருகிறோம், சரி. அதுவரை டிரை ஐஸ் நிரப்ப விடுங்கள்.

1981-ல் முதல் அண்டார்க்டிகா பயணம் கிளம்பிய நாடு இது. மைத்ரி, பாரதி, ஹிமாத்ரி என்று நிலையங்கள், 2022-ல் ஆர்க்டிக் கொள்கை, அதே ஆண்டில் அண்டார்க்டிகா சட்டம். விழா மேடைகளுக்குக் குறைவில்லை. ஒரு கண்காட்சியில் ஆர்க்டிக் பதாகையில் பென்குவின் நின்றதையும் பார்த்தேன், பாவம், வழி தவறி வந்திருக்கும். 2013-ல் டாரா என்ற பாய்மரக் கப்பல் ஆர்க்டிக்கைச் சுற்றி வந்தது. அந்த மாதிரிகளையும் உலகக் கடல்களின் மற்ற மாதிரிகளையும் சேர்த்து 2019-ல் ஏறக்குறைய 2 லட்சம் வைரஸ் வகைகளைப் பட்டியலிட்டார்கள். ஆர்க்டிக், வைரஸ் வகைகள் செறிந்த கடல் என்பதும் அதில்தான் தெரிந்தது. மாதிரி குளிர்ச்சியோடு ஆய்வகம் போய்ச் சேர்ந்தால் என்னென்ன கிடைக்கும் என்பதற்கு இது போதாதா? நாம் துருவம்வரை போய் மொண்டு வந்து, ஊர் வாசலில் உருக விடுகிறோம்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது இவ்வளவுதான். சோதனைக்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில், உங்கள் ஊழியர் முன்னிலையிலேயே, பெட்டியில் டிரை ஐஸ் நிரப்ப எங்களை அனுமதியுங்கள். செலவு எங்களுடையது. வாயு வெளியேறக் காற்றோட்டமான இடம் வேண்டும். அதுவும் உங்கள் கிடங்கில் தாராளமாக இருக்கிறது. முடிந்தால் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி ஒன்று வைத்தால் இன்னும் நல்லது, மருந்து இறக்குமதி செய்பவர்களும் வாழ்த்துவார்கள்.

அடுத்த பெட்டி கோடை முடிவில் வருகிறது. டிரை ஐஸ் நிரப்ப அனுமதிக் கையெழுத்து யாரிடம் வாங்க வேண்டும் என்று மட்டும் அதற்கு முன்பாகத் தெரிவித்தால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
கடல் நுண்ணுயிர் ஆய்வு மாணவி