ரத்தம் எடுப்பது எங்கள் வேலை, தூக்கிக்கொண்டு ஓடுவது யார் வேலை?

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவர்கள் நோயாளியைப் பார்ப்பதைவிடக் கைப்பேசியைப் பார்ப்பதுதான் அதிகம் என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். நான் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன், அதாவது அவர் சொன்ன பயிற்சி மருத்துவர்களில் ஒருத்தி. சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். அவர் எழுதியது பொய் இல்லை. வார்டு ஓரத்தில் நின்று நாங்கள் போனை நோண்டுவது உண்மைதான். பாதி நேரம் அதில் ஓடுவது முதுநிலை நீட் தேர்வுக்கான கேள்விகள். 200 கேள்வி, 800 மதிப்பெண், தப்பாகப் போட்டால் கையில் இருப்பதிலும் ஒன்று போய்விடும். மீதி நேரம் யூனிட் வாட்ஸ்அப் குரூப். "ஏழாம் பெட் ரிப்போர்ட் வந்துடுச்சா?" என்று பிஜி (முதுநிலை படிக்கும் மருத்துவர்) கேட்பார். வந்ததா இல்லையா என்று போய்ப் பார்ப்பதும், வந்திருந்தால் வாங்கிக்கொண்டு வருவதும் நாங்கள்தான்.

அந்த நடையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எம்.பி.பி.எஸ். என்பது நாலரை வருடம் படிப்பு, ஒரு வருடம் கட்டாயச் சுழற்சிப் பயிற்சி. தேசிய மருத்துவ ஆணையம் 2021-ல் கொண்டுவந்த விதிப்படி 52 வாரத்தையும் துறை துறையாகப் பிரித்திருக்கிறார்கள். சமூக மருத்துவத்துக்கு 12 வாரம், மகப்பேறுக்கு 7, பொது மருத்துவத்துக்கு 6, அறுவை சிகிச்சைக்கு 6. வருடம் முழுக்க விடுப்பு 15 நாள்தான். பொது மருத்துவத்தின் அந்த ஆறு வாரத்துக்குள்தான் சர்க்கரை ஏறி மயங்கி வருபவரையும், மூச்சு வாங்கி உட்கார்ந்தே தூங்குபவரையும், விஷம் குடித்துவிட்டு வருபவரையும் கிட்ட நின்று பார்த்துக் கற்றாக வேண்டும். அடுத்த வருடம் ஏதோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக உட்காரப் போகிறோம். பக்கத்தில் யூனிட் தலைவரான சீஃபும் இருக்க மாட்டார், பிஜியும் இருக்க மாட்டார்.

எங்கள் யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். மாலைக்குள் வார்டில் கட்டில் தீர்ந்து பாய்க்கு வந்துவிடும். மொழிக்கும் பஞ்சமில்லை. நெல்லூர்ப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தவர்கள் தெலுங்கில் பேசுவார்கள், கட்டட வேலைக்கு வந்த பீகார்ப் பையன் இந்தியில் பேசுவான். (என்னை எல்லோரும் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் கூட இருக்கும் பையனை, அவன் வாயே திறக்காவிட்டாலும், 'டாக்டர்' என்கிறார்கள். அது தனிக் கதை.) புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் ரத்தம் எடுக்க வேண்டும். ஊதா மூடிக் குழாய் ரத்த அணுக்களுக்கு, சிவப்பு மூடி சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனைகளுக்கு, நீல மூடி ரத்தம் உறையும் நேரத்துக்கு. இந்த நீல மூடிதான் வம்பு. அதில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு என்ற அளவில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இருக்கும். கோடு வரை ரத்தம் நிரம்பாவிட்டால் கணக்குத் தப்பும், லேப் திருப்பி அனுப்பிவிடும். அவசரத்தில் மெல்லிய ஊசி வழியாக வேகமாகப் பீய்ச்சினால் சிவப்பணுக்கள் உடைந்து, இல்லாத பொட்டாசியம் ரிப்போர்ட்டில் ஏறி நிற்கும். அதைப் பார்த்துவிட்டு பிஜி ஈசிஜி எடுக்கச் சொல்லுவார். இதையெல்லாம் கற்றது நல்லதுதான். ரத்தம் எடுப்பது எங்கள் வேலை, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மூச்சுக்குழாயில் டியூப் போட்ட நோயாளியை சிடி ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கூடவே நடந்து, மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையைக் கையால் அமுக்குவதும் மருத்துவம்தான்.

குழாய்களை ஒரு கையுறைக்குள் போட்டு முடிந்துகொண்டு இன்னொரு கட்டடத்தில் இருக்கும் லேபுக்கு நடப்பது எந்தப் பாடத்தில் வருகிறது? தமனி ரத்தம் என்றால் நடை போதாது, ஓட வேண்டும். சிரிஞ்சில் எடுத்த அந்த ரத்தத்தைச் சீக்கிரமே இயந்திரத்தில் வைக்காவிட்டால் ஆக்ஸிஜன் கணக்கு மாறிவிடும். ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தால், யாருக்காக ஓடினோமோ அவருக்கு சீஃப் ரவுண்ட்ஸ் முடிந்திருக்கும். ஏன் அந்த மருந்தை நிறுத்தினார், ஏன் ஆக்ஸிஜன் அளவைக் குறைத்தார் என்பதை கேஸ் ஷீட்டில் இருக்கும் ஒன்றரை வரியிலிருந்து நானே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

பிளட் பேங்க் இன்னும் மோசம். இரவு இரண்டு மணிக்கு அந்தக் கவுண்டர் முன்னால் போய் நின்று பாருங்கள். வெள்ளை கோட்டுகளின் வரிசை. விண்ணப்பத்தில் வார்டு எண் விட்டுப்போயிருந்தால் திரும்பி வந்து எழுதி வாங்க வேண்டும். குழாயில் இருக்கும் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். அந்தக் கறார் நியாயமானதுதான், ஆள் மாறினால் உயிர் போகும். பொருத்தம் பார்த்து முடியும்வரை காத்திருந்து பையை வாங்கினால், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த அரை மணி நேரத்துக்குள் ஏற்ற ஆரம்பித்துவிட வேண்டும் என்பது விதி. எனவே திரும்பி வருவதும் ஓட்டம்தான். இந்த நேரம் முழுக்க வார்டில் நான் பார்க்க வேண்டிய நோயாளிகளை யார் பார்க்கிறார்கள்? ஒரே ஒரு பிஜி. அவரும் நேற்றுக் காலையிலிருந்து உட்காரவில்லை.

போதாததற்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்கான காகிதங்கள். நோயாளியின் உறவினரிடம் குடும்ப அட்டை நகல் கேட்டு, படம் எடுத்து, ஒப்புதல் வந்ததா என்று விசாரித்துக்கொண்டு ஒரு முழுக் காலை போய்விடும். நல்ல திட்டம், ஏழைக் குடும்பங்கள் அதனால் பிழைத்திருக்கின்றன. அந்த வேலைக்கு மருத்துவம் படித்தவர் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

வார்டு ஊழியர்கள் மேல் பழியைப் போட வேண்டாம். எங்கள் வார்டு ஆயாம்மா ஒருவரே இரண்டு வார்டுக்கு. அவர் ட்ராலி தள்ளுவாரா, படுக்கைத் துணி மாற்றுவாரா, சாம்பிள் தூக்குவாரா? ஒப்பந்தத்தில் எடுக்கும் ஆட்கள் சம்பளம் கட்டுப்படியாகாமல் நின்றுவிடுகிறார்கள். காலியாகும் இடத்தில் கேள்வி கேட்காமல் ஓடக்கூடியவர், வருடா வருடம் புதிதாக வந்துகொண்டே இருப்பவர் ஹவுஸ் சர்ஜன்தான். நிர்வாகத்துக்கு இதைவிட மலிவான வழி கிடைக்காது. "நாங்களும் இப்படித்தான் ஓடினோம்" என்கிறார்கள் மூத்தவர்கள். ஓடியிருப்பார்கள், சரி. அன்றைக்கு ஓடி முடித்த பிறகு இத்தனை போட்டியுள்ள நுழைவுத் தேர்வு அவர்களுக்குக் காத்திருந்ததா? வார்டில் கற்க வழியில்லை என்றானதும் மாணவன் போனில் இருக்கும் கேள்வி வங்கிக்குப் போகிறான். வாசகர் பார்த்தது இந்தக் காட்சியைத்தான்.

எங்கள் மாவட்டத்தில் பெண் பிள்ளை டாக்டருக்குப் படிக்கிறாள் என்றால் உடனே முத்துலட்சுமி ரெட்டி பெயரைச் சொல்லிவிடுவார்கள். புதுக்கோட்டையில் பிறந்து, 1912-ல் சென்னையில் மருத்துவம் படித்து முடித்து இங்கேயே ஹவுஸ் சர்ஜனாக இருந்தவர். ஊருக்குப் போனால் பெரியப்பா தவறாமல் கேட்பார், "என்னம்மா, ஆபரேஷன் எல்லாம் பண்றியா?" என்று. பிளட் பேங்க் வரிசையைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது? "பண்றேன் பெரியப்பா" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பெரிய செலவாகும் எதையும் கேட்கவில்லை. பெரிய தனியார் மருத்துவமனைகளில் இருப்பதுபோல் காற்றழுத்தத்தில் சாம்பிள் அனுப்பும் குழாய்களைக்கூட இப்போது கேட்கவில்லை. இரவு நேரத்தில் ஒவ்வொரு மாடிக்கும் சாம்பிளும் ரத்தப் பையும் தூக்க ஒருவர், முறையான சம்பளத்துடன். தமனி ரத்தம் பார்க்கும் இயந்திரம் அவசர வார்டுக்குப் பக்கத்திலேயே ஒன்று. காப்பீட்டுக் காகிதங்களுக்கு ஓர் எழுத்தர். காலை ரவுண்ட்ஸ் நடக்கும்போது எந்த ஹவுஸ் சர்ஜனையும் வெளியே அனுப்பக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை, இதற்குப் பைசா செலவில்லை. இவ்வளவும் செய்த பிறகும் நாங்கள் போனை நோண்டிக்கொண்டு நின்றால் அந்த வாசகர் தாராளமாகத் திட்டலாம்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் தயவுசெய்து போட வேண்டாம். பயிற்சியைப் பதிவு செய்யும் லாக்புக்கில் மூத்தவர்களிடம் இன்னும் சில கையெழுத்துகள் வாங்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு ஹவுஸ் சர்ஜன்,
சென்னை